பிடிவாதம், விடாமுயற்சி, ஓர்மம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எடுத்த காரியத்தைக் கைவிடாத குணத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைப் பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் வாசகர்களைக் கேட்டிருந்தோம். கொழும்பின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றைத் தெரிந்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஒன்பதாந் தரத்தில் படிக்கும் என் மகனுடைய தேர்ச்சி அறிக்கையில் வகுப்பாசிரியர், “பிடிவாதக்காரர். எடுத்த கணக்கை முடிக்காமல் எழும்ப மாட்டார்” என்று எழுதியிருக்கிறார். என் கணவர் அதைப் பாராட்டு என்கிறார். எனக்கோ மனம் வருந்துகிறது. பிடிவாதம் நல்ல குணமா, கெட்ட குணமா?
ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: ஆசிரியரின் இரண்டாவது வாக்கியத்தைப் பார்த்தால் அவர் பாராட்டவே நினைத்தார் என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்னால் அவர் இட்ட சொல்தான் உங்களை வருத்தியிருக்கிறது. அந்த வருத்தத்துக்கு மொழிவழக்கிலேயே காரணம் இருக்கிறது.

பிடிவாதம் என்ற சொல்லுக்குள் ‘வாதம்’ இருக்கிறது. வாதம் செய்வதற்கு எதிரில் இன்னோர் ஆள் வேண்டும். அவர் சொல்வதைக் கேளாமல் தன் சொல்லையே பிடித்துக்கொண்டு நிற்பவரைப் பிடிவாதக்காரர் என்கிறோம். ஆகவே இந்தச் சொல் எப்போதும் ஓர் ஆளைப் பார்த்து நிற்கிறது. விடாமுயற்சி என்ற சொல் ஒரு வேலையைப் பார்த்து நிற்கிறது. இரண்டும் எந்த வினைச்சொற்களோடு சேர்கின்றன என்று கவனித்தால் வேறுபாடு தெளிவாகும். ‘பிடிவாதமாக மறுத்தார்’, ‘பிடிவாதமாக மௌனம் சாதித்தார்’, ‘பிடிவாதம் பிடித்துச் சாப்பிடாமல் இருந்தது குழந்தை’ என்றெல்லாம் எழுதுகிறோம். ‘விடாமுயற்சியோடு மறுத்தார்’ என்று எவரும் எழுதுவதில்லை. எழுதினால் காது ஒப்புக்கொள்ளாது. மறுப்பதும் பேசாதிருப்பதும் உண்ணாதிருப்பதும் இன்னொருவரை எதிர்த்துச் செய்பவை. படிப்பதும் உழுவதும் கணக்குச் செய்வதும் அப்படிப்பட்டவை அல்ல. உங்கள் மகன் கணக்கோடு மல்லுக்கட்டுகிறார். எந்த மனிதரோடும் முரண்டு பிடிக்கவில்லை. எனவே அவருக்குப் பிடிவாதக்காரர் என்ற பெயர் பொருந்தாது.

ஆனால் உங்கள் கணவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ‘பிடிவாதமாய்ப் படித்து முன்னுக்கு வந்தவள்’ என்று நம்மவர்கள் பெருமையோடு சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த வாக்கியம் யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறது என்று நினைத்துப் பாருங்கள். படிப்பு எதற்கு என்று வீட்டார் தடுத்த பெண்ணைப் பற்றியோ, வேலைக்குப் போ என்று சுற்றத்தார் நெருக்கிய இளைஞனைப் பற்றியோதான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள். அங்கே எதிர்த்து நிற்க ஆட்கள் இருந்தார்கள், பிடிவாதம் தேவைப்பட்டது. தடுத்தவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்பவர் கருதுவதனால் அந்தச் சொல் அந்த இடத்தில் புகழாகிறது. யாரும் தடுக்காமல் படித்த பிள்ளையைப் ‘பிடிவாதமாய்ப் படித்தான்’ என்று சொல்லும்போது அந்த ஒளி சொல்லுக்கு வருவதில்லை.

இதைப் பற்றி நம் முன்னோர் ஆழமாகச் சிந்தித்திருக்கிறார்கள். அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்ற நான்கையும் ஆண்மகனுக்குரிய குணங்களாகப் பழைய இலக்கண உரைகள் வகுத்தன. (ஆணுக்கு மட்டும் என்றது அக்காலத்தின் வரையறை. பெண்பிள்ளைகளுக்கும் இவை நான்கும் வேண்டியவையே என்பது என் உறுதியான எண்ணம்.) ஓர்ப்பு என்பது ஒரு பொருளை ஆராய்ந்து உணர்தல். கடைப்பிடி என்பது கொண்ட பொருளை மறவாமை. இந்த வரிசை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. முதலில் ஆராய்கிறோம், ஆராய்ந்து சரியென்று கண்டதைப் பிறகு விடாமல் பிடிக்கிறோம். ஓர்ப்பு இல்லாமல் கடைப்பிடி மட்டும் இருந்தால் அது தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கும் குணமாகிவிடும். கடைப்பிடி இல்லாமல் ஓர்ப்பு மட்டும் இருந்தால் எல்லாவற்றையும் ஆராய்ந்துவிட்டு ஒன்றையும் செய்யாமல் இருப்போம். இன்று ‘கடைப்பிடித்தல்’ என்ற வினை வீதி ஒழுங்குகளுக்கும் விரத நியமங்களுக்கும் மட்டும் உரியதாகச் சுருங்கிவிட்டது. பலர் அதைக் ‘கடைபிடி’ என்று ஒற்றை விட்டு எழுதிக் கடையைப் பிடிக்கச் சொல்வது போலவும் ஆக்கிவிடுகிறார்கள். அது ‘கடைப்பிடி’ என்றே எழுதப்பட வேண்டிய, பெருமை மிக்க பழைய சொல்.

அடுத்த முறை ஆசிரியரைச் சந்திக்கும்போது அவருக்கு நன்றி சொல்லுங்கள். ‘எடுத்ததை முடிக்கும் உறுதி உடையவர்’ என்று எழுதலாமே என்றும் பணிவாகச் சொல்லுங்கள். தேர்ச்சி அறிக்கை பிள்ளையின் கையில் பல ஆண்டுகள் இருக்கும் ஆவணம். அதில் இடும் சொல்லைப் பிள்ளை தன் பெயரைப் போலச் சுமந்து திரிவான்.

கேள்வி: ‘விடாமுயற்சி’ என்ற சொல் திருக்குறளில் இருக்கிறதா? இல்லையென்றால் வள்ளுவர் இந்தக் குணத்தை என்ன சொல்லால் குறித்தார்?
பல்கலைக்கழக மாணவி, பம்பலப்பிட்டி

பதில்: இந்தத் தொகைச்சொல் குறளில் இல்லை. குணம் மட்டும் நிரம்ப இருக்கிறது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கண் அழியாமை என்று 60ஆம் அதிகாரம் முதல் 63ஆம் அதிகாரம் வரை நான்கு அதிகாரங்களைத் தொடர்ந்து இதற்கே ஒதுக்கிய வள்ளுவர், சற்றுத் தள்ளி 67ஆம் அதிகாரமாக வினைத்திட்பத்தையும் வைத்தார். ஐம்பது குறள்கள் ஒரே குணத்தைச் சுற்றி வருகின்றன. எனினும் ஐந்து அதிகாரங்களும் ஒன்றையே திரும்பச் சொல்லவில்லை.

ஊக்கம் என்பது மனம் மேலெழுந்து நிற்கும் நிலை. நாம் இன்று ஊக்கத்தொகை, ஊக்குவிப்பு, ஊக்கமருந்து என்று எழுதிப் பழகியதால் ஊக்கத்தை வெளியிலிருந்து ஒருவர் நமக்குத் தரும் பொருளாக எண்ணிவிட்டோம். வள்ளுவருக்கு அது ஒருவன் தன்னிடத்தே வைத்திருக்கும் உடைமை. அதிகாரத்தின் பெயரே அதைச் சொல்கிறது. ஆள்வினை என்பது அந்த ஊக்கம் செயலில் இறங்குவது. அதே அதிகாரத்தில் வரும் தாளாண்மை என்ற சொல்லில் ‘தாள்’ இருக்கிறது; அது பாதத்தையும் குறிக்கும், முயற்சியையும் குறிக்கும். வேளாண்மை என்னும் உதவும் பெருமை தாளாண்மையிடத்தே தங்கியிருக்கிறது என்று 613ஆம் குறள் சொல்கிறது. உழைக்காதவன் பிறருக்கு எதைக் கொண்டு உதவுவான் என்பது அதன் உட்பொருள். திட்பம் என்பது இவை எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் மன உறுதி. “வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம் மற்றைய எல்லாம் பிற” என்கிறது 661ஆம் குறள்.

நீங்கள் மொழியியல் பயிலும் மாணவி என்று எழுதியிருப்பதால் இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வேன். இந்தக் குணத்துக்குரிய தமிழ்ச் சொற்களுள் பெரும்பாலானவை எதிர்மறையில் அமைந்தவை. மடியின்மை, இடுக்கண் அழியாமை, அசாவாமை, துளங்காது, அசைவிலா ஊக்கம் ஆகியவை குறளில் வருபவை. அயராமை, தளராமை, சளையாமை, விடாமுயற்சி ஆகியவை நம் வழக்கில் உள்ளவை. மனிதனுக்குச் சோம்பலும் தளர்ச்சியும் தானாகவே வரும் என்பதை மொழி முதலில் ஒப்புக்கொள்கிறது. அவை வந்த இடத்தில் அவற்றுக்கு இடங்கொடாமல் இருப்பதைக் குணம் என்று பிறகு பெயரிடுகிறது. ஆத்திசூடியும் ‘ஊக்கமது கைவிடேல்’ என்று எதிர்மறையிலேயே சொன்னது. தளர்ச்சியை அறியாதவருக்குத் தளராமை என்ற சொல்லே பொருந்தாது.

இதன் உச்சியாக நான் கருதுவது 620ஆம் குறள்: “ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித் தாழாது உஞற்று பவர்.” உஞற்றுதல் என்றால் இடைவிடாது முயலுதல். இன்று வழக்கொழிந்த அருமையான வினை. உப்பக்கம் என்றால் முதுகுப்புறம். புறமுதுகிட்டு ஓடும் பகைவனின் முதுகைக் காண்பது போல ஊழின் முதுகையும் அவர்கள் காண்பார்கள் என்கிறார். ஊழை விட வலியது எது என்று 380ஆம் குறளில் கேட்ட அதே புலவர் இதைச் சொல்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. ஊழின் வலிமையை முழுதாக ஒப்புக்கொண்ட பிறகே முயற்சியின் வலிமையை அவர் பேசியதால்தான் இந்தக் குறள் வெறும் உற்சாகப் பேச்சாகத் தாழவில்லை.

கேள்வி: பத்திரிகைகளில் ‘முயற்சித்தார்’, ‘முயற்சிக்கிறது’ என்று எழுதுகிறார்கள். இது சரியா?
ஓய்வுபெற்ற ஒப்புநோக்காளர், தெஹிவளை

பதில்: முயல் என்ற வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல் முயற்சி. பயில் என்பதிலிருந்து பயிற்சி வந்தது போல. பயிற்சியை மறுபடி வினையாக்கிப் ‘பயிற்சித்தார்’ என்று எவரும் எழுதுவதில்லை. பயின்றார் என்கிறோம், பயிற்சி பெற்றார் என்கிறோம். அதே முறையில் முயன்றார், முயல்கிறது, முயற்சி செய்தார் என்று எழுதுவதே செம்மையானது. ‘முயற்சித்தார்’ பரவிவிட்ட வழக்கு என்பதை மறுக்கவில்லை. பேச்சில் வந்தால் திருத்தப் புறப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் ‘முயன்றார்’ என்ற ஐந்தெழுத்துச் சொல் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது அச்சில் நீளமான வடிவத்தை ஏன் இட வேண்டும் என்று உங்களைப் போலவே நானும் கேட்கிறேன்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில் ‘ஓர்மம்’, ‘தெண்டித்தல்’, ‘நாண்டுகொண்டு நிற்றல்’ என்ற சொற்களை நாள்தோறும் கேட்டோம். கொழும்பில் பிறந்து வளர்ந்த என் பேரப்பிள்ளைகளுக்கு இவை விளங்கவில்லை. இவற்றை எழுத்தில் பயன்படுத்தலாமா, அல்லது கொச்சை என்று விட்டுவிட வேண்டுமா?
ஒரு பாட்டனார், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். இந்த மூன்றும் மூன்று வேறு இடங்களை நிரப்பும் சொற்கள். பொதுத் தமிழில் இவற்றுக்கு ஈடாக ஒற்றைச் சொல் கிடைப்பது அரிது.

ஓர்மம் என்பதை மனவுறுதி என்று பொருள் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ‘ஓர்மமான பெடியன்’ என்று நம்மூரில் சொல்லும்போது உறுதியோடு துணிவும், துணிவோடு உடம்பின் மிடுக்கும் சேர்ந்தே வருகின்றன. தகப்பனை இழந்த வீட்டில் மூத்த பிள்ளையாய் நின்று தம்பி தங்கையரைப் படிப்பித்துக் கரையேற்றிய பெண்ணை ‘அவள் ஓர்மமாய் நிண்டவள்’ என்பார்கள். அந்த வாக்கியத்தில் விடாமுயற்சியை வைத்துப் பாருங்கள். பொருள் பாதி உதிர்ந்துவிடும். விடாமுயற்சி ஒரு காரியத்தோடு தொடங்கி அந்தக் காரியத்தோடு முடிகிறது. ஓர்மம் ஆளோடு இருக்கிறது. காரியம் எதுவானாலும் அந்த ஆள் அப்படித்தான் நிற்பார்.

தெண்டித்தல் பணிவான சொல். ‘வரத் தெண்டிக்கிறன்’ என்று ஒருவர் சொன்னால் கட்டாயம் வருவேன் என்ற வாக்குறுதி அதில் இல்லை. ஆனால் சிரமம் பாராமல் முயல்வேன் என்ற உண்மை இருக்கிறது. ‘தெண்டிச்சுப் பார் பிள்ளை’ என்று பெரியவர்கள் சொல்வது, உன்னால் முடியும் என்று சத்தமிட்டு ஏற்றிவிடுவதை விட எனக்குப் பெரிதாகப் படுகிறது. வலிக்கும் என்று தெரிந்தும் செய்து பார் என்பதை அந்த ஒரு வினையே சொல்லிவிடுகிறது. முயல் என்ற சொல்லில் அந்த வருத்தம் ஒலிப்பதில்லை.

நாண்டுகொண்டு நிற்றல் பழிக்கும் பக்கத்தைச் சேர்ந்தது. நாண்டுகொள்ளுதல் என்பது கழுத்தில் கயிறிட்டுக்கொள்வதைக் குறிக்கும் கடுமையான சொல். தான் கேட்டது கிடைக்காவிட்டால் எதுவும் வேண்டாம் என்ற அளவில் ஒருவர் பிடிவாதம் பிடிக்கும்போது அதை எடுத்து ஆண்டார்கள். ‘அந்தச் சம்பந்தம் வேண்டாமெண்டு நாண்டுகொண்டு நிக்கிறான்’ என்ற பேச்சு அப்படிப் பிறந்தது. அதன் நேர்ப்பொருள் துயரமானது என்பதால் இளையவர்கள் முன்னிலையில் இதை அளந்தே பயன்படுத்துவது நல்லது. விளையாட்டாகச் சொல்லும் சொல் அல்ல.

ஓரிடத்தில் மட்டும் வழங்குவதாலேயே ஒரு சொல் கொச்சையாகிவிடாது. இலக்கணம் அதைத் திசைச்சொல் என்று ஏற்றுக்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி யாழ்ப்பாணத்து வழக்குகளுக்குத் தனிக் குறியீடே வைத்துப் பதிந்தது. எழுத்தில் உரையாடலாக வரும் இடங்களில் இவற்றை ஒலிக்கும்படியே எழுதலாம்; கட்டுரை நடையில் ‘ஓர்மத்தோடு’, ‘தெண்டித்து’ என்று முழு வடிவில் எழுதலாம். உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அகராதிப் பொருள் சொல்லித் தர வேண்டாம். அவர்கள் கேட்கும்படி பேசுங்கள்; பொருள் தானாகவே பிடிபடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் யாராவது துன்பப்பட்டால் ‘சபுர் செய்யுங்க’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். இதைப் பொறுமை என்று எழுதினால் போதுமா?
ஒரு வாசகி, தெமட்டகொட

பதில்: அரபிலிருந்து வந்து முஸ்லிம் வீடுகளின் தமிழில் ஊறிப்போன சொல் இது. பொறுமை என்று எழுதினால் பிழையில்லை, ஆனால் முழுமையும் இல்லை. துன்பம் வரும்போது கலங்காதிருப்பதும், வணக்கத்திலும் கடமையிலும் இடைவிடாது நிலைத்திருப்பதும், தீமையின் பக்கம் சாயாமல் தன்னைத் தடுத்து நிறுத்துவதும் ஆகிய மூன்றையும் மார்க்க அறிஞர்கள் இந்த ஒரே சொல்லுக்குள் அடக்கிச் சொல்வார்கள். பொறுமை என்ற தமிழ்ச் சொல் முதலாவதை நன்றாகக் காட்டும். மற்ற இரண்டுக்கும் நிலைபேறு, மனவடக்கம் என்று சேர்த்து எழுத வேண்டியிருக்கும். வாசகர் உங்கள் சமூகத்தவராக இருந்தால் சபுர் என்றே எழுதுங்கள். பொதுவான இதழாக இருந்தால் முதல் முறை வரும்போது பொருளைச் சொல்லிவிட்டுப் பிறகு சபுர் என்றே தொடரலாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பாட்டி, ‘வைராக்கியமா இருந்துதான் ஒங்கப்பன படிக்க வச்சேன்’ என்பார். ஆனால் கோயில் சொற்பொழிவில் வைராக்கியம் என்றால் பற்றை விடுவது என்று சொன்னார்கள். பற்றை விடுவதா, பிடித்துக்கொள்வதா? எது சரி?
மலையகத்திலிருந்து வந்து ஆமர் வீதியில் பணிபுரியும் வாசகர்

பதில்: இரண்டும் சரி. வடமொழியில் விராகம் என்றால் பற்று நீங்கிய நிலை. அதிலிருந்து வந்த வைராக்கியம் துறவு மனத்தைக் குறிக்கும். சமய நூல்களில் இன்றும் அதுவே பொருள். சொற்பொழிவாளர் அந்த வழியில் பேசியிருக்கிறார். மக்கள் வழக்கில் அது அசையாத உறுதி என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. வைரம் என்ற சொல் மணியின் கடினத்தையும் பகையையும் குறிக்கும் ஆதலால், அந்த ஒலியின் சாயலும் இதற்குத் துணை செய்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. ‘அவளோடு பேசுவதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறாள்’ என்பதில் பகையின் நிழல் தெரிகிறது.

ஆனால் உங்கள் பாட்டியின் வாக்கியத்தில் இரண்டு பொருள்களும் பிரியாமல் நிற்கின்றன. மகனைப் படிக்கவைக்க வேண்டும் என்பதை அவர் பிடித்துக்கொண்டார். அதற்காக நல்ல சேலையையும் வயிறார உணவையும் விட்டிருப்பார். ஒன்றைப் பிடிப்பதற்காக மற்றவற்றை விட்டவர் சொல்லும்போது வைராக்கியம் அதன் பழைய பொருளையும் இழக்கவில்லை. இழப்பு எதுவும் இல்லாத உறுதியை வைராக்கியம் என்று சொல்வது எனக்கு ஒவ்வாது. தினமும் காலையில் நடைப்பயிற்சிக்குப் போவதற்கு உறுதி என்ற சொல்லே போதும்.

நிலைக்காத உறுதியைக் குறிக்கவும் இதே சொல்லை நம்மவர்கள் வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புராணம் கேட்டு எழும்பும்வரை இருக்கும் புராண வைராக்கியம், வலி தீரும்வரை இருக்கும் பிரசவ வைராக்கியம், சுடலையிலிருந்து வீடு திரும்பும்வரை இருக்கும் மயான வைராக்கியம் என்று மூன்றைச் சொல்வார்கள். மனித மனத்தை இதைவிட நேராகப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று வியக்கிறேன்.

கேள்வி: ஒற்றைக்காலில் நிற்றல், கங்கணம் கட்டுதல், உடும்புப்பிடி: இவற்றில் எது புகழ், எது பழி?
தமிழ் ஆசிரியர், மட்டக்குளி

பதில்: முதல் இரண்டும் புகழில் பிறந்து பழிக்கு வந்தவை. ஒற்றைக்காலில் நிற்பது தவசியரின் தவநிலை. இன்று ‘புதிய கைபேசி வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறான்’ என்றுதான் கேட்கிறோம். கங்கணம் என்பது நோன்பு தொடங்கும்போது கையில் கட்டும் காப்பு. அதைக் கட்டியவர் நோன்பு முடியும்வரை பின்வாங்கக் கூடாது. இன்றைய எழுத்தில் ‘கெடுப்பதற்கே கங்கணம் கட்டிக்கொண்டிருக்கிறார்’ என்று அது தீமையோடுதான் மிகுதியாகச் சேர்கிறது. ஆனால் அதே பொருளுடைய காப்பு என்ற சொல் மட்டும் மாசுபடவில்லை. கந்தசஷ்டிக்கும் கேதார கௌரி விரதத்துக்கும் கொழும்புக் கோயில்களில் காப்புக் கட்டிக்கொள்பவர்கள், ‘காப்புக் கட்டியிருக்கிறேன்’ என்று சொன்னால் அதை மதியாதவர் இல்லை. ஒரே செயலைக் குறிக்கும் இரண்டு சொற்களுள் சடங்கோடு ஒட்டியிருந்தது தூய்மையைக் காத்துக்கொண்டது. உவமையாக வெளியே வந்தது தேய்ந்துவிட்டது. வகுப்பில் இதை ஒரு பாடமாகவே நடத்தலாம்.

உடும்புப்பிடி இரு பக்கமும் போகும். கொள்கையில் உடும்புப்பிடி என்றால் புகழாகவும் இருக்கலாம். ‘உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்’ என்ற பழமொழியில் பிடித்தவரே அகப்பட்டுக்கொண்டார். குரங்குப்பிடிக்குப் புகழ் இல்லை. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா என்பதிலும் இல்லை.

கேள்வி: ‘விடாக்கண்டன் கொடாக்கண்டன்’ என்பதை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா?
ஒரு மாணவர், கொச்சிக்கடை

பதில்: கூடாது. கேட்பதை விடாதவரும் கொடுக்க இசையாதவரும் எதிரெதிரே நிற்பதை அது குறிக்கிறது. முயற்சியின் பயனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்பதை எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலக அறிக்கைகளில் ‘மீண்டெழும் தன்மை’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. அதற்குப் பதிலாக விடாமுயற்சி என்று எளிமையாக எழுதலாமா?
மொழிபெயர்ப்பாளர், கொழும்பு 7

பதில்: எழுதினால் பொருள் மாறிவிடும். மீண்டெழுபவர் விழுந்தவர், வெள்ளத்திலோ பொருளாதார நெருக்கடியிலோ இருந்ததை இழந்து பின் நிலைபெறுபவர். விடாமுயற்சிக்கு விழுதல் நிபந்தனை இல்லை. மேலும், வீழ்ந்த ஊர் மீண்டெழுவதற்கு உதவியும் பணமும் தேவைப்படும். அதை விடாமுயற்சி என்று எழுதினால் பொறுப்பு முழுவதும் அல்லலுற்ற மக்களின் தலையில் வந்து விழும். இந்த இடத்தில் சொல்லை மாற்றாமல் இருப்பதே நியாயம் என்று கருதுகிறேன்.

கேள்வி: தமிழ்மொழித் தினப் பேச்சுப் போட்டிக்கு மாணவி ஒருவரைப் பழக்குகிறேன். தலைப்பு சி. வை. தாமோதரம்பிள்ளை. ‘விடாமுயற்சியின் சிகரம்’ என்று தொடங்கியிருக்கிறோம். பொருத்தமா?
ஓர் ஆசிரியை, பம்பலப்பிட்டி

பதில்: சிகரம், இமயம், திலகம் முதலிய சொற்களை எல்லாருக்கும் சூட்டிச் சூட்டி அவை ஒளியிழந்துவிட்டன. அவற்றை நீக்கிவிட்டு, அவர் செய்ததையே மாணவியைச் சொல்லச் செய்யுங்கள். 1832இல் சிறுப்பிட்டியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தவர். வசதியாக வாழ அது போதும். ஆனால் அவர் ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் போனார். 1881இல் வீரசோழியம், 1885இல் நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என்று ஒன்றன்பின் ஒன்றாக அச்சேற்றினார். எடுக்கும்போதே ஓரம் உதிர்ந்து, கட்டை அவிழ்க்கும்போதே இதழ் முறிந்துபோன ஏடுகளைப் பற்றிக் கலித்தொகைப் பதிப்புரையில் அவரே எழுதியிருக்கிறார். கிடைத்த ஏடும் பூச்சி அரித்தது, அரியாத இடத்திலும் எழுத்துப் புரியாதது. அப்படியிருந்தும் ஒரு படியை மற்றொரு படியோடு ஒப்பிட்டுப் பாடம் கண்டார்.

இதற்குரிய சொல் எது என்று கேட்டால், நான் தாளாண்மை என்பேன். விடாமுயற்சி என்ற சொல் முயன்றவரோடு நின்றுவிடுகிறது. தாளாண்மையை வள்ளுவர் வேளாண்மையோடு, அதாவது பிறருக்கு உதவுவதோடு சேர்த்து வைத்தார். பிள்ளையவர்கள் தமக்கென்று எதையும் தேடவில்லை. அவர் பதிப்பித்த நூல்களைக் கையில் எடுத்தவர்கள் எல்லாரும் அந்த உழைப்பின் பயனைப் பெற்றார்கள். மாணவி இந்தச் சொல்லை விளக்கி, 613ஆம் குறளை ஒரு முறை சொல்லித் தொடங்கட்டும். நடுவர்களுக்கும் அது புதிதாக இருக்கும்.

கேள்வி: ‘விடாப்பிடி’ என்பதில் ஒற்று மிகுகிறது, ‘விடாமுயற்சி’ என்பதில் மிகவில்லை. ‘தளராத துணிவு’ என்பதா, ‘தளராத் துணிவு’ என்பதா?
ஓர் உயர்தர மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: விடாத, தளராத என்பவை எதிர்மறைப் பெயரெச்சங்கள். இறுதியில் உள்ள ‘த’ கெட்டு விடா, தளரா என்று நிற்கும்போது அவை ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள் ஆகின்றன. அவற்றின் பின் க, ச, த, ப என்ற வல்லின எழுத்துகள் வந்தால் ஒற்று மிகும். எனவே விடாப்பிடி, அயராப் பணி, தளராத் துணிவு. முயற்சி மெல்லினத்தில் தொடங்குவதால் விடாமுயற்சியில் மிகவில்லை. ஈறு கெடாமல் ‘தளராத’ என்று முழுமையாக நின்றால் மிகாது; ‘தளராத துணிவு’ என்றே எழுத வேண்டும். நீங்கள் கேட்ட இரண்டு வடிவங்களும் சரியானவை. ‘தளராதத் துணிவு’ என்பது மட்டுமே பிழை.